எம்டனோடு நின்றுவிடுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஏற்காட்டுக்காரன். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதிவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிக்கிற ஆள். போன ஞாயிறு இணைப்பில் இரண்டு உலகப் போர்களைப் பற்றியும் நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். வெர்டன், சோம், ஸ்டாலின்கிராட், நார்மண்டி எல்லாம் நன்றாகவே இருந்தன, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நம் பக்கத்துக்கு என்று வரும்போது மட்டும் மூலையில் ஒரு பெட்டிச் செய்தி, அதில் எம்டன். எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் அதே எம்டன்தான். அதையும் "எம்டன் என்ற நீர்மூழ்கிக் கப்பல்" என்று அச்சடித்திருந்தீர்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. கடிதம் கொஞ்சம் நீளம்தான். இடமில்லை என்று சுருக்கினாலும் டாங்கா, பஸ்ரா பற்றிய பகுதிகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

முதலில் எம்டனை முடித்துவிடுகிறேன். அது நீர்மூழ்கி இல்லை. தண்ணீருக்கு மேலே, மூன்று புகைபோக்கியோடு ஓடிய இலகுரக குரூசர். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிய வேண்டும் என்று கேன்வாஸில் நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு சுற்றியது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, சர்ச் லைட்டைப் போட்டு, சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். நீர்மூழ்கி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், திடீரென வந்தது, திடீரெனக் காணாமல் போனது, அதனால் ஜனங்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. நூறு வருடம் கழித்து நாம் அதையே அச்சடிப்பதுதான் தப்பு.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார், அவர் சொல்லித்தான் குண்டு போட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் இந்திய விடுதலைக்காகக் கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் பெர்லின் போனார். ஒரே ஆள் அதே மாதத்தில் வங்கக் கடலிலும் இருந்திருக்க முடியாது. செய்யாத காரியத்தை அவர் தலையில் ஏற்றினால், செய்த காரியத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, எம்டன் செய்த உண்மையான சேதம் எது? எண்ணெய்த் தொட்டி இல்லை. இரண்டு மாதத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது, பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அந்தப் பயத்தில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகரவில்லை. துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமல் படை ஏற்றிய கப்பலைக் கடலில் விட முடியாமல் போனது, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் படைகளே தாமதமாகத்தான் கிளம்பின. எம்டனுக்கு நிலக்கரி போட ஒரு துறைமுகம்கூடச் சொந்தமாக இல்லை. பிடித்த கப்பல்களின் கரியையே மூட்டை மூட்டையாகக் கையால் மாற்றி எரித்துக்கொண்டு ஓடியது. ஒரே ஒரு கப்பல். அது கடலில் இருக்கிற வரைக்கும், கரையில் இருக்கிற பட்டாளம் எப்போது போகலாம், எந்த வழியாகப் போகலாம் என்பதை அது தீர்மானித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை முடித்தது.

இந்தத் தொடர்பைத்தான் உங்கள் நான்கு பக்கத்திலும் தேடினேன், கிடைக்கவில்லை. கடற்போர் ஒரு பக்கம், தரைப்போர் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டுவிட்டீர்கள். நம் ஆட்கள் செத்த இடங்களைப் பார்த்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

டாங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தான்சானியா, அன்று ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. 1914 அக்டோபர் 16 பம்பாயிலிருந்து சுமார் 8,000 பேரை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் கிளம்பின. எம்டன் அப்போது இன்னும் பிடிபடவில்லை. அந்தக் கூட்டத்தில் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி இருந்தது, வழி அமைத்துக் கொடுக்கிற 61-வது பயோனியர் படையும் இருந்தது, இரண்டுமே மதராஸ் படைகள். வெளிநாட்டுப் போரை அதற்கு முன்னால் பார்க்காதவர்கள் பலர், கையிலிருந்த துப்பாக்கியே சிலருக்குப் புதுசு, கடல் பயணத்தில் வாந்தி எடுத்துப் படுத்தவர்கள் எத்தனையோ பேர். நவம்பர் 2 அன்று டாங்காவுக்கு எதிரே வந்து சேர்ந்தார்கள். அங்கே என்ன நடந்தது தெரியுமா? ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பலின் கேப்டன் முதலில் துறைமுகத்துக்குள் போய், உங்களோடு இருந்த சமாதான ஏற்பாடு ரத்து என்று ஜெர்மன் அதிகாரியிடம் முறைப்படி சொல்லிவிட்டு வந்தார். ஆள் இறக்குவதற்கு முன்னாலேயே எதிரிக்குத் தகவல் போய்விட்டது. ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் ரயிலில் படையைக் கொண்டுவந்து இறக்கினார். அவரிடம் இருந்தது ஆயிரம் பேர் அளவில்தான். நவம்பர் 4 அன்று பெரிய தாக்குதல் நடந்தபோது கப்பல் பீரங்கி தரைப்படைக்குப் பெரிதாக உதவவில்லை. தேனீக்கள் வேறு கூடு கலைந்து இரண்டு தரப்பையும் கொட்டின. பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது. மறுநாளே எல்லோரையும் திரும்பக் கப்பலில் ஏற்ற வேண்டியதாயிற்று. இயந்திரத் துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 800க்கு மேல்.

அப்புறம் எழுதினவர்கள் பலரும் பழியை ஓடின சிப்பாய் மேல்தான் போட்டார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் அடைத்து வைத்து, கரையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், எதிரிக்குச் சொல்லிவிட்டு, அப்புறம் இருட்டுக்குள் இறக்கிவிட்டால் யார்தான் நிற்பான்? கடலிலிருந்து தரையில் இறங்கித் தாக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பிரிட்டிஷார் டாங்காவில் கற்றுக்கொள்ளவில்லை. ஐந்து மாதம் கழித்து துருக்கியின் கலிபோலியில் அதே பாடத்தை இன்னும் பெரிய விலை கொடுத்துப் படித்தார்கள். அங்கே 1915 மார்ச் 18 அன்று ஒரே நாளில் மூன்று பெரிய போர்க்கப்பல்கள் கடற்கண்ணியில் மூழ்கின, அதற்கப்புறம்தான் தரைப்படையை இறக்கினார்கள். நார்மண்டிக்கு வரும்போது துறைமுகத்தையே மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போகிற அளவுக்குத் தேறியிருந்தார்கள். நீங்கள் நார்மண்டிக்கு முழுசாக ஒரு பக்கம் கொடுத்தீர்கள். அதன் முதல் பாடம் படித்த இடத்தில் நின்றது பாளையங்கோட்டைக்காரன் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

இனி பஸ்ரா. இது என் வீட்டு விஷயம்.

எங்கள் அப்பாயி சாமி மாடத்தில் ஒரு பதக்கம் வைத்திருந்தாள். ரிப்பன் எல்லாம் எப்போதோ இற்றுப்போய்விட்டது. பழுப்பு நிறத்தில், ஐந்து ரூபாய்ப் பழைய நாணயத்தைவிடப் பெரிசாக, கனமாக இருக்கும். ஒரு பக்கம் ராஜா தலை. மறு பக்கம் உடம்பில் துணியில்லாத ஒருவன் குதிரை மேல் உட்கார்ந்து, கையில் குட்டைக் கத்தியோடு, குதிரைக் காலடியில் ஒரு கேடயத்தையும் மண்டையோட்டையும் மிதித்துக்கொண்டு போகிறான். இரண்டு ஓரத்திலும் 1914, 1918. அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. குதிரையையும் கத்தியையும் பார்த்து அது முனியப்பன் என்று முடிவு செய்துவிட்டாள். அமாவாசைக்கு அமாவாசை புளி போட்டுத் தேய்த்து மஞ்சள் குங்குமம் வைப்பாள். அவள் தேய்த்த தேய்ப்பில் ராஜாவின் மூக்கே மழுங்கிப்போயிற்று. விளிம்பிலும் கொஞ்சம் எழுத்து இருந்தது என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அது அவளுடைய அப்பாவுக்கு வந்த பதக்கம். அவர் சிப்பாய் இல்லை, துப்பாக்கியைத் தொட்டதில்லை. மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, கூட்டிப்போன தொழிலாளர் படையில் ஒருவர். சண்டை போட்ட சிப்பாய்க்கு இதே பதக்கம் வெள்ளியில் வந்தது, மூட்டை தூக்கினவர்களுக்கு வெண்கலத்தில் அடித்துக் கொடுத்தார்கள். அப்பாயி எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது மலையிலிருந்து இறங்கிப் போனவர், திரும்பி வந்தபோது தன்னை அடையாளம் தெரியாமல் மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். "பசுராவுல கப்பலு நிக்கும், கரைக்கு வராது, நாங்கதான் போகணும்" என்பாராம். அதற்கு மேல் அவர் சொன்னதாக ஒன்றுமில்லை.

அந்த ஒரு வரிக்கு அர்த்தம் எனக்குப் பல வருடம் புரியவில்லை. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். பஸ்ராவில் அப்போது பெரிய கப்பல் வந்து அணைகிற மாதிரி துறையே கிடையாது. ஆற்றின் நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும், நாட்டுப் படகில் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரவேண்டும். இறக்க முடியாமல் கப்பல்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. அங்கிருந்து மேலே டைக்ரிஸ் ஆற்றில் போக ஆழம் குறைந்த தண்ணீரில் ஓடுகிற ஸ்டீமர் வேண்டும், அது போதிய அளவு இல்லை. மேலே கூட் என்ற ஊரில் பிரிட்டிஷ் ஜெனரல் டவுன்ஷெண்டின் படை 1915 டிசம்பர் 7 முதல் துருக்கியரிடம் முற்றுகையில் கிடந்தது. மீட்கப் போகவேண்டிய ஆயிரக்கணக்கான பேர் பஸ்ராவில் படகில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். போனவர்களும் மோதி மோதி 20,000 பேருக்கு மேல் பலியாகியும் காயம்பட்டும் திரும்பினார்கள். கடைசி முயற்சியாக 1916 ஏப்ரல் 24 இரவு ஜுல்னார் என்ற ஸ்டீமரில் 270 டன் உணவை ஏற்றி அனுப்பினார்கள், வழியிலேயே துருக்கியர் கையில் சிக்கியது. ஏப்ரல் 29 அன்று கூட் சரணடைந்தது. சுமார் 13,000 பேர் கைதிகள், அதில் பெரும்பாலோர் இந்தியர்கள், எத்தனையோ பேர் பாலைவனத்தில் நடத்தியே கொல்லப்பட்டார்கள்.

அந்தச் சிப்பாய்களைத் தோற்கடித்ததில் துருக்கியருக்கு எவ்வளவு பங்கோ, அந்த அளவுக்குத் துறையும் படகும் இல்லாததற்கும் பங்கு உண்டு. லண்டனில் 1916-இல் விசாரணைக் கமிஷன் போட்டு, 1917-இல் இதை எல்லாம் எழுதி வெளியிட்டார்கள். கூட் விழுந்ததற்கு அப்புறம்தான் துறை கட்டினார்கள், ஆற்றுக் கப்பல் கொண்டுவந்தார்கள், 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்தது. அந்தத் துறையில் மூட்டை தூக்கினவர்களில் ஒருவர் என் கொள்ளுத்தாத்தா. பாக்தாத்தை ஜெனரல் மாட் பிடித்தார் என்று புத்தகத்தில் இருக்கிறது. இருக்கட்டும். மூட்டையும் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டுமே.

மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களுக்குப் பஸ்ராவில் ஒரு பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது, 40,000 பேருக்கு மேல். அதில் அதிகாரிகளின் பெயர் இருக்கிறது. இந்தியச் சிப்பாய்களுக்குப் படையின் பெயரும் எத்தனை பேர் என்ற எண்ணும்தான், ஆளின் பெயர் இல்லை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் அமைப்பே 2021-இல் இந்தத் தவற்றை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. கூலியாகப் போனவர்களின் கதி அதற்கும் கீழே. நம் பக்கம் கல்வெட்டு இல்லாமல் இல்லை. வேலூர் மணிக்கூண்டில் அந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல் இருக்கிறது. அங்கேயும் எண்தான்.

சேலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள், என் பேரனே கேட்டான். அவனை எங்கள் மலை விளிம்பில் இருக்கிற லேடீஸ் சீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பனி விலகின நேரத்தில் கீழே சேலம் முழுக்கத் தெரியும், மாமாங்கம், கருப்பூர் பக்கம் நிலம் வெள்ளை வெள்ளையாகக் கீறி வைத்தது போல இருக்கும். அது வெள்ளைக்கல், மேக்னசைட். எஃகு காய்ச்சுகிற உலையின் உள்பக்கத்துக்கு அந்தக் கல்லைச் சுட்டுச் செய்த செங்கல்தான் தாங்கும். 1914 வரைக்கும் உலகத்துக்கு அதை அதிகம் கொடுத்தது ஆஸ்திரியா, போர் வந்ததும் பிரிட்டனுக்கு அந்த வழி அடைபட்டது. எஃகு இல்லாமல் பீரங்கி ஏது, போர்க்கப்பல் ஏது.

இரண்டாவது போருக்கு வந்தால் சம்பந்தம் இன்னும் நெருக்கம், நேராக வயிற்றுக்கே வந்துவிடுகிறது. எங்கள் மலையில் விளைந்த காபி உட்பட இந்தியக் காபி நிறைய ஐரோப்பாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கடல் வழி அடைபட்டு விற்க ஆளில்லாமல் தேங்கியதால்தான் 1940-இல் அவசரச் சட்டம் போட்டு, 1942-இல் அதைச் சட்டமாக்கி, காபி போர்டு வந்தது. என் சர்வீஸில் பெரும்பகுதி, விளைந்ததை போர்டில் ஒப்படைத்த கணக்கை எழுதினதுதான். இந்த நோட்டெல்லாம் ஒரு கடற்போரால் வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

1941 டிசம்பர் 10 அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய கப்பல்களை ஜப்பான் விமானங்கள் மலாயாவுக்குக் கிழக்கே மூழ்கடித்தன. மேலே பாதுகாப்புக்கு விமானம் இல்லாத கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை என்பது அன்றைக்கு உறுதியாயிற்று. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது, மார்ச் 8 ரங்கூன். ஏப்ரல் 5 கொழும்பு மேல் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9-ஆம் தேதி திருகோணமலை, அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் போயிற்று. மதராஸ் காலியானது, மிருகக்காட்சி சாலையில் இருந்த புலி சிங்கங்களைச் சுட்டே கொன்றார்கள். பர்மா அரிசி நின்றது. அப்பாயி வீட்டில் அரிசிச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான், மற்ற நாளெல்லாம் களி.

இன்னொன்று நின்றது, மலாயா பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மரவள்ளி மாவும். அந்த இடத்தை நிரப்பத்தான் 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்க ஆரம்பித்தார். இன்றைக்கு ஆத்தூர் ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் சேகோ ஃபாக்டரி. உங்கள் ஆத்தூர் நிருபர் அதை ஒரு கட்டுரையாக எழுதலாமே!

கடைசியாக இரண்டு பேச்சு. 1942 நவம்பர் 11, கோகோஸ் தீவுக்குத் தென்மேற்கே, ராயல் இந்தியன் நேவியின் பெங்கால் என்ற சின்னக் கப்பல். கண்ணி அகற்றுவதற்காகக் கட்டியது, 650 டன், சொல்லிக்கொள்ளும்படி மூன்று அங்குலப் பீரங்கி ஒன்றே ஒன்று. கூட ஒரு டச்சு எண்ணெய்க் கப்பல், ஒண்டினா. எதிரே 10,000 டன்னுக்கு மேல் எடையுள்ள ஜப்பானிய ரெய்டர் கப்பல்கள், அதாவது வணிகக் கப்பல்களை வேட்டையாடுகிறவை, இரண்டு. ஓடுவதற்குப் பதில் பெங்கால் நேராக எதிரியை நோக்கித் திரும்பியது, எண்ணெய்க் கப்பல் தப்பட்டும் என்று. ஹொகோகு மாரு என்ற ஜப்பான் கப்பல் அடிபட்டு வெடித்து மூழ்கியது. அந்தக் குண்டு பெங்காலுடையதா ஒண்டினாவுடையதா என்று இன்னும் பேசுகிறார்கள். எனக்கு அது முக்கியமில்லை, திரும்பினது முக்கியம். பெங்கால், ஒண்டினா இரண்டுமே கரை சேர்ந்தன.

தரையில், 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை, கண்ணிவெடி அகற்றிக்கொண்டு போகும்போது பின்னால் வந்தவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். அந்த வகை வெடி வெடிக்க நாலு நொடி எடுக்கும். நாலு நொடியில் ஓடியிருக்கலாம். அவர் அதன் மேலேயே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். உங்கள் நான்கு பக்கத்தில் அவர் பெயர் இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். நீர்மூழ்கி என்று போட்டதைத் திருத்தி ஒரு வரி போடுங்கள். அப்புறம் சேலம், நாமக்கல், தருமபுரி வாசகர்களிடம் கேளுங்கள், பழைய டிரங்குப் பெட்டியில், சாமி மாடத்தில் இப்படிப் பதக்கமோ டிஸ்சார்ஜ் காகிதமோ இருந்தால் விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதக்கத்தின் விளிம்பில் எண், பெயர், படை மூன்றும் பொறித்திருக்கும். பஸ்ராவில் இல்லாத பெயர் இங்கே எத்தனை வீட்டில் கிடக்கிறதோ.

எங்கள் வீட்டுப் பதக்கத்தில் எண் முழுசாக இருக்கிறது, படையின் பெயரில் பாதி இருக்கிறது. ஆளின் பெயர் இருந்த இடத்தில்தான் அப்பாயியின் கட்டைவிரல் அதிகம் பட்டிருக்கிறது, லென்ஸ் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் கடைசி மூன்று எழுத்து தெரிகிறது. உங்கள் போட்டோகிராபர் நல்ல கேமராவோடு மலைக்கு வந்தால் முதல் எழுத்துகளையும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். காலை வெயில் எங்கள் வாசலில் எட்டு மணிக்கு விழும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எஸ்டேட் கணக்கர்,
ஏற்காடு.